மாணவர் குறும்படம்: சுருள் காலமும் செல்போன் காலமும்

"கையில் போன் இருந்தால் போதும், இப்போ யார் வேண்டுமானாலும் படம் எடுத்துடலாம்" என்று என் வயதுக்காரர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். இது பாதிதான் உண்மை. எடுப்பது சுலபமாகியிருக்கிறது, எடுத்ததை முடிப்பது சுலபமாகவில்லை. முடித்ததைக் காப்பாற்றி வைப்பதோ இன்னும் கடினமாகியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் சினிமாக்காரன் அல்ல. தென்னார்க்காடு மாவட்டம் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் (1993-இல்தான் கடலூர், விழுப்புரம் என்று பிரித்தார்கள்) அரசுத் துறை ஒன்றில் 16 எம்.எம். புரொஜெக்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தவன். ஜீப்பில் மெஷினை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கோயில் வாசலிலோ பள்ளிக்கூடத்துத் திடலிலோ வெள்ளைத் துணி கட்டி, செய்திப்படம், குடும்பக் கட்டுப்பாட்டுப் படம், விவசாயப் படம் என்று ஓட்டுவோம். அறுந்த சுருளை ஒட்டி ஒட்டியே கைவிரல் தேய்ந்தது. அதனால் ஒரு படம் எப்படி உண்டாகிறது என்பது, அதை எடுத்தவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், எனக்கும் கொஞ்சம் தெரியும்.

அடி கணக்கு

இன்றைய பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இந்தக் கணக்கை. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். 16 எம்.எம். சுருளில் ஒரு அடிக்கு 40 ஃபிரேம். ஆக ஒரு நிமிடத்துக்கு 36 அடி. 400 அடி டப்பா ஒன்று 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 35 எம்.எம். என்றால் நிமிடத்துக்கு 90 அடி. 1000 அடிச் சுருளும் அதே 11 நிமிடம்தான். பத்து நிமிடக் குறும்படம் எடுக்கும் மாணவனுக்கு மூன்று மடங்கோ நான்கு மடங்கோ சுருள் கிடைத்தால் அதிகம். ஒரு காட்சியை இரண்டு தரம் எடுக்கலாம், மூன்றாவது தரம் என்றால் வேறொரு காட்சியிலிருந்து பிடுங்க வேண்டும். கேமரா ஓட ஆரம்பித்தால் காசு ஓடுகிற சத்தம் கேட்கும்.

அந்தச் சுருளும் கடைக்குப் போனவுடன் கிடைத்துவிடாது. கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. கலர் நெகட்டிவ் பெரும்பாலும் கப்பலில் வர வேண்டும். எடுத்த பிறகு அதைக் கழுவ லேப் வேண்டும். லேப் எல்லாம் சென்னையில். கடலூரிலோ சிதம்பரத்திலோ இருக்கிற ஒருவர் அந்தக் காலத்தில் படம் எடுத்திருந்தால், டப்பாவை பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டு, முகம் விழுந்திருக்கிறதா இருட்டு விழுந்திருக்கிறதா என்று நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோடம்பாக்கத்துக்கு வெளியே படம் எடுக்கும் பழக்கம் வளராமல் போனதற்கு ஆள் இல்லாதது காரணமல்ல. லேப் இல்லாததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கஷ்டத்துக்குத் தமிழ் சினிமாவின் வயதே ஆகிறது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வத'த்தை எடுத்த ஆர். நடராஜ முதலியாரும் ஒரு வகையில் மாணவர்தான். மோட்டார் உதிரிபாக வியாபாரத்தில் இருந்தவர். புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்து, சென்னையில் கூடம் அமைத்தார். வெள்ளைத் துணியை மேலே கட்டி, அதன் வழியாக இறங்கும் வெயில்தான் விளக்கு. சென்னைச் சூட்டில் சுருள் கழுவ முடியாது என்று பெங்களூரில் லேப் வைத்தார். எடுப்பது இங்கே, கழுவுவது அங்கே. முதல் உலகப் போர்க் காலத்தில் எடுத்த அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

சுருளே இல்லாமல் படித்தவர்கள்

பள்ளிக்கூடம் வைத்துச் சினிமா சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை மாஸ்கோவில் 1919-இல் தொடங்கினார்கள். புரட்சிக்குப் பிந்தைய தட்டுப்பாடு. வாத்தியார் குலெஷோவிடம் மாணவர்களுக்குக் கொடுக்கச் சுருள் இல்லை. அதனால் சுருள் இல்லாமலே 'படம்' எடுத்தார்கள். மேடையில் காட்சி காட்சியாக நடித்துப் பார்ப்பது, பழைய படங்களைப் பிரித்து வேறு வரிசையில் ஒட்டிப் பார்ப்பது. ஒரே முகத்தை, ஒரு தட்டு சூப்புக்குப் பக்கத்திலும் ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டினால், பார்ப்பவனுக்கு அந்த முகம் ஒருமுறை பசியாகவும் ஒருமுறை துக்கமாகவும் தெரிகிறது என்று அங்கேதான் கண்டுபிடித்தார்கள். எடிட்டிங் என்ற கலைக்கு அதுவே அரிச்சுவடி. இல்லாமையிலிருந்து வந்த பாடம்.

நம் ஊரில் 1945-இலேயே சென்னை மத்திய பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுதான் பிறகு தரமணியில் திரைப்படக் கல்லூரியாக வளர்ந்து, ஊர்வாயில் 'அடையாறு இன்ஸ்டிட்யூட்' ஆனது. பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன் எல்லாம் அங்கே படித்தவர்கள். புனேயில் பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960-இல் மத்திய அரசு ஒரு கல்லூரி தொடங்கியது. மட்டக்களப்புக்கு அருகில் அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா அங்கே ஒளிப்பதிவு படித்து, 1969-இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். படிப்பு முடிவில் அவர் ஒளிப்பதிவு செய்த சிறு படத்தைப் பார்த்துத்தான், 'செம்மீன்' எடுத்த ராமு காரியாட் அவருக்கு 'நெல்லு' பட வாய்ப்பைக் கொடுத்தார். ஒரு மாணவர் படம் ஒரு மனிதனின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டதற்கு நம்மவர் ஒருவரே சாட்சி. பின்னாளில் அவர் தன் படங்களைத் தானே எடிட்டிங் செய்ததும், தொலைக்காட்சிக்காகத் தமிழ்ச் சிறுகதைகளை 'கதை நேரம்' என்று 52 குறும்படங்களாக எடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

தரமணி மாணவர்கள் சேர்ந்து 1986-இல் 'ஊமை விழிகள்' எடுத்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது. ஆபாவாணன் தயாரிப்பு, அரவிந்தராஜ் இயக்கம். அதுவரை 'படித்துவிட்டு வந்தவன் படம் எடுக்க மாட்டான், பாடம்தான் எடுப்பான்' என்று கேலி பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் போகாமல் துணிந்தவரும் உண்டு. எங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன், தன் 'உன்னைப்போல் ஒருவன்' கதையை 1965-இல் தானே படமாக எடுத்தார். பாட்டு இல்லை, பெரிய நட்சத்திரம் இல்லை. எழுத்தாளனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கடலூர்க்காரன் என்ற முறையில் எனக்கு அதில் இன்றும் ஒரு பெருமை.

26 ஃபிரேம்

எடிட்டிங் ஏன் கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு என் தொழிலிலிருந்து ஒரு உதாரணம் சொல்வேன். ஓட்டும்போது சுருள் அறுந்தால் ஒட்டிவிட்டு மறுபடி ஓட்டுவோம். படம் ஒரு இடத்தில் தாவும். ஆனால் பேச்சு வேறொரு இடத்தில் தாவும். ஏனென்றால் 16 எம்.எம். பிரிண்டில் படத்துக்கான ஒலி அதன் பக்கத்தில் இருக்காது; 26 ஃபிரேம் முன்னால் இருக்கும். புரொஜெக்டரில் படம் விழும் ஜன்னலும் ஒலியைப் படிக்கும் உருளையும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் அப்படி அச்சடிப்பார்கள். ஒரு விநாடிக்குச் சற்று மேல் இடைவெளி.

இதனால்தான் எடிட்டிங் அறையில் படம் தனிச் சுருள், ஒலி தனிச் சுருள். இரண்டையும் ஒன்றாக ஓடவைக்கத்தான் படப்பிடிப்பில் கிளாப் பலகை அடிக்கிறார்கள். பலகை மூடும் ஃபிரேமும் 'டக்' என்ற சத்தமும் பொருந்தினால் பிறகு எல்லாம் பொருந்தும். அந்தப் பலகையை அடிக்க மறந்த மாணவன், உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு காட்சியாகத் தேட வேண்டும். மூவியோலாவிலோ ஸ்டீன்பெக்கிலோ ரஷ் பிரிண்டை வெட்டி ஒட்டி, மனதுக்குச் சரியென்று பட்ட பிறகுதான் ஓரத்து எண்ணைப் பார்த்து நெகட்டிவில் கை வைப்பார்கள். அங்கே ஒரு ஃபிரேம் தப்பாக வெட்டினால் வெட்டியது வெட்டியதுதான். 'அன்டூ' பொத்தான் கிடையாது.

வீடியோ வந்ததும் செலவு குறைந்தது, வேறு தொல்லை வந்தது. ஒரு டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்கு வரிசையாகக் காப்பி செய்வதுதான் அப்போது எடிட்டிங். நடுவில் ஒரு காட்சியைச் செருக நினைத்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். ஒவ்வொரு காப்பிக்கும் படம் மங்கும். எங்கள் பக்கத்தில் எடிட்டிங் வசதி இருந்த இடம் கல்யாண வீடியோ ஸ்டூடியோதான். மாப்பிள்ளை முகம் இதய வடிவத்தில் வந்து போகும் அதே மிக்ஸரில், வறுமையைப் பற்றிய குறும்படத்தையும் முடிக்க வேண்டியிருந்தது. முகூர்த்த மாதம் என்றால் மாணவனுக்கு இடமே கிடைக்காது.

2008 கடைசியில் வந்த கேனன் 5டி மார்க் 2 நிலைமையை மாற்றியது. போட்டோ கேமராவிலேயே சினிமா போன்ற படம். அடுத்த ஆண்டு கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குனர்' வந்தது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, ராம்குமார் என்று வரிசையாகக் குறும்படத்திலிருந்து சினிமாவுக்குப் போனார்கள். 'முண்டாசுப்பட்டி' முதலில் குறும்படம்தான். ஒரு வேடிக்கை: அந்தக் கேமராவில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது என்பதால் சுமார் 12 நிமிடத்தில் பதிவு நின்றுவிடும். நூறு வருடம் போராடி, 11 நிமிடச் சுருளிலிருந்து ஒரு நிமிடம் முன்னேறியிருக்கிறோம் என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

கேமரா கைக்கு வந்த அதே காலத்தில் மின்சாரம் கையை விட்டுப் போனது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. அடுத்த ஆண்டு முழுக்கச் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. நெய்வேலி இருக்கிற மாவட்டத்திலேயே இந்தக் கதி. இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வரும் என்று விழித்திருந்து எடிட்டிங் செய்த பையன்களை எனக்குத் தெரியும்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு படம்

இப்போது நடந்த ஒன்று. எங்கள் தெருவிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் ரயிலில் போய்ப் படிக்கும் ஒரு பையனும் அவன் கூட்டாளிகள் நான்கு பேரும் ஒரு குறும்படம் எடுத்தார்கள். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு வயதான மீனவர், தினமும் கரைக்கு வந்து மற்றவர்கள் வலையைச் சரிசெய்து கொடுக்கிறார்; அவ்வளவுதான் கதை. தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவரையே நடிக்க வைத்தார்கள். நடிப்பு என்ன, அவர் வாழ்க்கையே அதுதான்.

இரண்டு போன், ஒரு வாடகைக் கேமரா, நான்கு நாள். மொத்தம் நாலு மணி நேரப் பதிவு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: என் காலத்து 16 எம்.எம்.மில் அது 8640 அடி. 400 அடி டப்பா 22. எடுத்து முடித்தவர்கள் உட்கார்ந்து பார்த்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. எங்கள் கடல் கிழக்கே. காலையில் கடலைப் பின்னால் வைத்து எடுத்ததில் பெரியவர் முகம் கரியாக விழுந்திருந்தது. ஒரே பேச்சை இரண்டு நாளில் எடுத்ததால் ஒரு ஷாட்டில் நிழல் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். பிச்சாவரத்தில் எடுத்த படகுக் காட்சியில் ஒருமுறை சுரபுன்னை வேர் வெளியே தெரிகிறது, மறுமுறை தண்ணீருக்குள் இருக்கிறது. வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததில் பட்டை பட்டையாக இருட்டு ஓடுகிறது. நம் மின்சாரம் 50 சைக்கிள், போன் தானாக வைத்துக்கொண்ட ஷட்டர் 1/60. அதை 1/50 என்று மாற்றியிருந்தால் போதும். போன் சீரான ஃபிரேம் வேகத்தில் பதியாததால், தனியாகப் பதிந்த ஒலி ஆரம்பத்தில் பொருந்திப் போகப்போக விலகுகிறது. 26 ஃபிரேம் ஆவி மறுபடி வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை காற்று. மைக்குக்கு ரோம உறை போடவில்லை. பெரியவர் பேசுவதில் முக்கால்வாசி 'புர்ர்' என்ற காற்றில் போய்விட்டது. "பரவால்ல தாத்தா, பொங்கல் லீவுல அவரை டப்பிங் பேச வெச்சிக்கலாம்" என்றான் பையன். பொங்கலுக்கு முன்பே பெரியவர் தவறிவிட்டார்.

பையன்கள் உடைந்துபோனார்கள். ஒருவன் மிமிக்ரி செய்யத் தெரிந்தவனைக் கூப்பிட்டுப் பேசவைக்கலாம் என்றான். இன்னொருவன் படமே வேண்டாம் என்றான். நான் அவர்களுக்குப் போலந்தில் 1958-இல் வந்த 'ஒரு அலமாரியும் இரண்டு மனிதர்களும்' என்ற படத்தைப் பார்க்கச் சொன்னேன். ரோமன் பொலான்ஸ்கி லோட்ஸ் திரைப்படக் கல்லூரி மாணவராக இருந்தபோது எடுத்தது. கால் மணி நேரப் படம். இரண்டு பேர் கடலிலிருந்து ஒரு அலமாரியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருகிறார்கள், யாரும் சேர்த்துக்கொள்வதில்லை, திரும்பக் கடலுக்கே போகிறார்கள். அதுவும் கடற்கரைப் படம். வசனமே கிடையாது, இசை மட்டும்.

அதைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் உட்கார்ந்து புதிதாக வெட்டினார்கள். பேச்சையெல்லாம் எடுத்தார்கள். பெரியவரின் கை, ஊசி, வலை, கடல் என்று அடுக்கினார்கள். காற்று ஓய்ந்த நேரத்தில் தெளிவாகப் பதிவாகியிருந்த ஒரே வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "இந்தக் கண்ணி போச்சுன்னா மொத்த வலையும் போச்சுடா தம்பி" என்று அவர் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது, வசனம்கூட அல்ல. ஒன்பது நிமிடம் வந்தது. கருத்த முகத்தையும் மாறிய நிழலையும் யாரும் கவனிக்கவில்லை. குலெஷோவ் சொன்னதைத்தான் பையன்கள் தாங்களாகக் கண்டுபிடித்திருந்தார்கள்: காட்சிக்குப் பொருள் அதற்குள் மட்டும் இல்லை, பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

படத்தை அவர் வீட்டில் போட்டுக் காட்டினார்கள். மகள் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, காத்து அடிச்சாலும் பரவால்ல, அப்பா பேசுனது எல்லாம் இருந்தா குடுங்க." படத்துக்கு உதவாது என்று தள்ளிய மூன்றே முக்கால் மணி நேரம் அந்த வீட்டுக்கு வேண்டியிருந்தது. நல்ல வேளை, அழிக்கவில்லை. ஆனால் அது இருந்தது ஒரே ஒரு லேப்டாப்பில். அடுத்த படத்துக்கு இடம் வேண்டும் என்று அந்த வாரம்தான் அழிப்பதாக இருந்தார்களாம்.

மிஞ்சுவது

'கீசக வதம்' இல்லாமல் போனதை மேலே சொன்னேன். அது மட்டுமல்ல, தமிழ்நாட்டு மௌனப் படங்கள் ஏறக்குறைய அனைத்துமே போய்விட்டன. அது நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்று விட்டுவிடலாம். ஆனால் தேசிய விருது பெற்ற 'வீடு' படத்துக்கே நெகட்டிவ் இல்லை என்று பாலு மகேந்திரா தம் கடைசிக் காலத்தில் மேடைக்கு மேடை வருந்தினார். தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே 2014-இல் மறைந்தார். பெரிய படத்துக்கே இந்த நிலை என்றால் மாணவர் படத்தை யார் தேடப் போகிறார்கள்?

மாணவர் படத்தைக் காப்பாற்ற வேண்டியது அது நல்ல படம் என்பதற்காக அல்ல. பெரும்பாலும் நல்ல படமாக இருக்காது. ஆனால் பணம் இல்லாததால் அவர்கள் செட் போடுவதில்லை. இருக்கிற தெருவையும் இருக்கிற மனிதரையும் எடுக்கிறார்கள். 2004 சுனாமிக்கு முந்தைய தேவனாம்பட்டினத்துக் கரை, மீட்டர் கேஜ் ரயில் நின்ற சிதம்பரம் ஸ்டேஷன், தானே புயலுக்கு முந்தைய பண்ருட்டிப் பலாத் தோப்பு: இவையெல்லாம் யாரோ ஒரு மாணவனின் காதல் கதைக்குப் பின்னணியாக எங்காவது ஒரு டேப்பில் இருக்கலாம். கதாநாயகனை மறந்துவிட்டுப் பின்னால் இருப்பதைப் பார்த்தால் அது நம் ஊரின் சரித்திரம்.

ஆகவே பிள்ளைகளுக்கு மூன்று சொல். படப்பிடிப்பு முடிந்த அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, இரண்டு வீட்டில் வையுங்கள். படத்துக்கு உதவாததையும் ஒரு வருடமாவது அழிக்காதீர்கள். யாரை, எந்த ஊரில், எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.

பெரியவர்களுக்கு ஒன்று. பரணில் பழைய சுருளோ வீடியோ கேசட்டோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் டப்பாவைத் திறந்து பாருங்கள். சுருளில் புளித்த காடி வாடை வந்தால் அது கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றாட, குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிட்டுச் சீக்கிரம் டிஜிட்டலாக மாற்றிக்கொள்ளுங்கள். கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் என்னிடம் கொண்டுவந்தால், சுருளைப் பிரித்து நிலைமை என்ன என்று பார்த்துச் சொல்கிறேன். ஒட்டுவதற்கு என்னிடம் ஸ்பிளைசர் இன்னும் இருக்கிறது.